துணி வைப்ஸ் ஊறவைக்க என்ன கலக்கிறீர்கள்? என் டப்பா மூன்றாம் நாளே நாறிவிட்டது

தொட்டில்கயிறு (சுங்கை சிப்புட்) – செவ்வாய், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு நேற்றோடு மூன்று மாதம். என் 98 நாள் பிரசவ விடுப்பு அடுத்த வாரம் முடிகிறது. 2023-க்கு முன்னால் மலேசியாவில் 60 நாள்தான் இருந்தது. நம் அக்காமார்கள் எப்படிச் சமாளித்தார்களோ. நான் வேலைக்குப் போனதும் பிள்ளையை மாமியார் பார்த்துக்கொள்வார். அதற்குள் இதை ஒரு வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

கடை வைப்ஸால் துடைத்தால் மகளுக்குப் பின்பக்கம் சிவந்துவிடுகிறது. அதனால் வீட்டுக்காரரின் பழைய டி-சட்டைகளை வெட்டி இருபது துண்டு செய்தேன். இணையத்தில் பார்த்த கணக்குப்படி இரண்டு கப் தண்ணீர், இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய், ஒரு கரண்டி குழந்தை சோப்பு, ஐந்து சொட்டு டீ ட்ரீ எண்ணெய். ஐஸ்கிரீம் டப்பாவில் துணிகளை அடுக்கி அதை ஊற்றி மூடி வைத்தேன். முதல் நாள் வாசம் அறையைத் தூக்கியது. இன்று காலை மூடியைத் திறந்தால் மழையில் நனைந்த பள்ளிக்கூடச் சப்பாத்துக்குள் முகத்தை விட்டதுபோல இருந்தது. அடியிலிருந்த துணியைத் தொட்டால் கையெல்லாம் வழவழ.

எங்கே தப்பு செய்தேன்? நீங்கள் என்ன கலக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை – செவ்வாய், இரவு 11.05

எண்பது துண்டுள்ள ஒரு கட்டு எங்கள் வீட்டில் நாலு நாள்தான். மாதம் எட்டுக் கட்டு. ஐந்தரை வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தாலும் 44 வெள்ளி. பேம்பர்ஸ் தனி. துணிக்கு மாறுவது நல்ல கணக்கு. நாற்றத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

சோப்புக்காரி – செவ்வாய், இரவு 11.20

தங்கச்சி, நான் வீட்டிலேயே சோப்பு காய்ச்சி பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிறேன். எண்ணெய் விஷயம் எனக்குத் தெரியும். உன் தப்பு தண்ணீரில். காய்ச்சி ஆறவைத்து ஊற்றியிருக்க வேண்டும். அதோடு அரைக் கரண்டி ஆப்பச்சோடா போடு, நாற்றம் அண்டாது. புண்ணாக இருந்தாலும் ஆப்பச்சோடா தண்ணீரில் கழுவினால் ஆறும். டீ ட்ரீ நல்லதுதான், கிருமியைக் கொல்லும். கூட ரெண்டு சொட்டு லாவெண்டர் விட்டுப் பார்.

ஆயாக்கொட்டகை – புதன், காலை 6.15

நான் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பதினாறு வருஷம் பிள்ளை பார்த்தவள். விடியற்காலையில் பிரட்டுக்கு (பேர் கூப்பிடும் இடத்துக்கு) போகும் முன்னே தாய்மார்கள் தூங்குகிற பிள்ளையை அப்படியே கொண்டுவந்து போட்டுவிட்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போவார்கள். ஒரு நேரத்தில் முப்பது பிள்ளைகூட இருந்திருக்கிறது. அப்போது ஏது வைப்ஸ்? ஒரு பானை சுடுதண்ணீர், ஒரு பானை பச்சைத்தண்ணீர். பிள்ளையை இடது கையில் குப்புறப் போட்டு வலது கையால் கழுவி, பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுத்தால் முடிந்தது. வாசம், சொட்டு என்று எதுவும் கிடையாது.

துணி வேண்டுமென்றால் டி-சட்டை வேண்டாம், பழைய மல்லு வேட்டிதான் மெத்தென்று இருக்கும். என் டிரங்குப் பெட்டியில் இவர் வேட்டி ஆறேழு சும்மா கிடக்கிறது. என் பேத்திக்கும் அதைத்தான் கிழித்துக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்தால் உனக்கும் கொடுப்பேன்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி – புதன், காலை 9.30

முப்பது வருஷம் தாய்சேய் கிளினிக்கில் குழந்தைகளின் பின்பக்கம் பார்த்தே ரிட்டயர் ஆனவள் நான். ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில் நாற்றம். தண்ணீர், எண்ணெய், சோப்பு மூன்றையும் கலந்து, நம் ஊர் 32 டிகிரியில் மூடி வைத்தால் அது கிருமிக்கு விருந்துச் சாப்பாடு. கடை வைப்ஸ் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது பதப்படுத்தும் மருந்தால். வீட்டுக் கலவையில் அது கிடையாது. தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினாலும், துணியிலும் கையிலும் டப்பாவிலும் இருக்கிற கிருமியே போதும். டீ ட்ரீ ஐந்து சொட்டு அதைத் தடுக்காது. குழந்தைத் தோலை மட்டும் எரிக்கும், அதுவும் சிவந்திருக்கிற தோலை. மூன்று மாதப் பிள்ளைக்கு அந்த மாதிரி வாசனை எண்ணெய் எதுவுமே வேண்டாம். காயு பூத்தே எண்ணெயை வயிற்றில் தடவுகிற வழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, தெரியும். அதைப் பின்பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்து ஆப்பச்சோடா. சோப்புக்கார அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. டயபர் புண் எப்படி வருகிறது? சிறுநீரில் உள்ள யூரியாவை மலத்தில் இருக்கும் கிருமிகளின் நொதி உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. தோலின் பிஎச் (புளிப்பா, சோப்புபோல் காரமா என்று காட்டும் அளவு) ஏறுகிறது. பிஎச் ஏறியதும் மலத்தில் உள்ள செரிமான நொதிகள் முழித்துக்கொண்டு தோலைத் தின்கின்றன. நல்ல தோல் ஐந்தரை அளவில் லேசான புளிப்பாக இருக்கும். ஆப்பச்சோடா எட்டுக்கு மேல். ஏற்கெனவே காரமாகிக் கிடக்கிற இடத்தில் இன்னும் காரத்தை ஏன் கொட்ட வேண்டும்? புண்ணான தோல் வழியாகச் சோடா உள்ளே இறங்கி, ரத்தமே காரமாகி ஆஸ்பத்திரிக்குப் போன குழந்தையைப் பற்றி மருத்துவ இதழில் பதிவே இருக்கிறது. கட்டிச் சோப்பும் இதே கதைதான், ஒன்பது பத்துக்குப் போகும்.

நான் சொல்கிற செய்முறை: தண்ணீர். அவ்வளவுதான். காலையில் காய்ச்சி ஒரு சின்ன பிளாஸ்கில் ஊற்றி வை. துடைக்கும்போது கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் உலர்ந்த துணியை நனைத்துப் பிழிந்து துடை. மலம் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் துணியின் நுனியில் ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய், அந்த நேரத்துக்கு மட்டும். ஊறவைத்து அடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னிருந்து பின்னுக்கு. வெறும் சிறுநீர்தான் என்றால் ஒவ்வொரு தடவையும் தேய்க்கவே வேண்டாம்.

அப்புறம் ஆயா, ஒரு கேள்வி. அந்த டிரங்குப் பெட்டியில் வேட்டியோடு வேறு என்ன போட்டு வைத்திருக்கிறீர்கள்?

சோப்புக்காரி – புதன், காலை 10.10

மிஸ்ஸிக்குக் கோபிக்கவில்லை. ஆனால் என் ரெண்டு பிள்ளைகளையும் ஆப்பச்சோடாத் தண்ணீரில்தான் கழுவினேன், ஒன்றும் ஆகவில்லை. எல்லாவற்றுக்கும் பயமுறுத்தினால் எப்படி? ஆலிவ் எண்ணெயாவது விடலாமா, அதுவும் கூடாதா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி – புதன், காலை 10.45

ஒன்றும் ஆகாமல் போனது நல்லதே அக்கா. ஆனால் நல்ல தோலில் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து, புண்ணான தோலுக்கு அதைச் சொல்ல முடியாது.

ஆலிவ் எண்ணெயில் ஓலிக் அமிலம் அதிகம். அது தோலின் மேல் அடுக்கைத் தளர்த்துகிறது என்று ஆராய்ச்சிகள் வந்துவிட்டன. தேங்காய் எண்ணெய் அதைவிட மேல். நம் ஊரில் அது உறைவதும் இல்லை, 24 டிகிரிக்குக் கீழே போனால்தான் கட்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு கடை வைப்ஸை நான் வில்லனாக்கியதாகப் பேச்சு வரக் கூடாது. 2012-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 280 பச்சைக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். வாசனை இல்லாத வைப்ஸும், பஞ்சும் தண்ணீரும் தோலின் ஈரத்தை ஒரே மாதிரிதான் வைத்திருந்தன. ஆனால் சில வைப்ஸில் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தி இருக்கும். அது ஒவ்வாமைக்குப் பேர்போனது. கழுவாமல் தோலிலேயே விடும் பொருள்களில் அதைச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பாவில் 2017-லேயே தடை வந்துவிட்டது. தொட்டில்கயிறு, உன் கட்டைத் திருப்பி லேபிளைப் பார்.

தொட்டில்கயிறு – புதன், பகல் 12.20

பார்த்தேன் மிஸ்ஸி அக்கா. எழுத்து எறும்பு சைஸ், போனில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. நீங்கள் சொன்ன பேர் இல்லை. ஆனால் வாசனை சேர்த்தது என்று போட்டிருக்கிறது. வெறும் தண்ணீர் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு சிக்கல். ரெண்டு நாள் மழை பெய்தால் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) குழாய்த் தண்ணீர் தே ஓ (பால் சேர்க்காத தேத்தண்ணி) நிறத்தில் வருகிறது. அதைக் காய்ச்சினால் போதுமா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி – புதன், பகல் 12.50

காய்ச்சினால் கிருமி சாகும், சேறு சாகாது. மழை வருவதற்கு முன்னே ரெண்டு பாட்டில் தெளிந்த தண்ணீர் பிடித்து வை. பிள்ளை துடைக்க ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்கூட ஆகாது.

ஆயாக்கொட்டகை – புதன், மாலை 5.40

மிஸ்ஸி, பெட்டியில் வேட்டி, என் கல்யாணச் சேலை, அப்புறம் பூச்சி அரிக்காமல் இருக்கப் பூச்சி உருண்டை. எல்லாரும் போடுவதுதானே? ஏன் கேட்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி – புதன், மாலை 6.25

அதுதான் பயந்தேன். இதை எல்லாரும் நிதானமாகப் படியுங்கள்.

கடையில் உபாட் கெகாட் என்று கிடைக்கிற வெள்ளை உருண்டை பலதும் நாப்தலின். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த நாப்தலின் ஆவி போதும், சிவப்பணுக்கள் உடைந்து ரத்தம் இறங்கிவிடும். குழந்தை மஞ்சளாகும், வெளிறும், சிறுநீர் கறுத்த தேத்தண்ணி நிறத்தில் போகும். பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் கட்டுக்கடங்காமல் ஏறினால் மூளையையே பாதிக்கும். உருண்டையை வாயில் போட வேண்டியதில்லை. அதோடு கிடந்த துணியைக் கட்டினாலே போதும். எண்ணெய் தேய்த்த தோலில் இன்னும் சுலபமாக இறங்கும், அதனால்தான் எண்ணெய் பேச்சு ஓடும்போது எனக்கு உறைத்தது.

நம் நாட்டில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி பார்ப்பார்கள். முடிவு குழந்தையின் ரெக்கோட் புத்தகத்தில் இருக்கும். பலர் தடுப்பூசிப் பக்கத்தைத் தவிர வேறு பக்கத்தைத் திறப்பதே இல்லை. இது தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் வருவதால் ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். ஆனால் பெண் பிள்ளைக்கு வராது என்றில்லை. குறைபாடு இருந்தால் மருதாணி, கற்பூரம் சேர்ந்த தைலம் எல்லாம் தள்ளி வைக்க வேண்டும்.

ஆயா, உங்கள் பேத்தி எப்படி இருக்கிறாள்?

ஆயாக்கொட்டகை – புதன், மாலை 6.40

பேத்திக்கு இப்போது நாலு வயசு. நல்லா ஓடி ஆடுகிறாள். மகளுக்குப் போன் போட்டுப் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னேன், நார்மல் என்று எழுதியிருக்கிறதாம். இப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. எத்தனை பிள்ளைக்கு அந்தத் துணியைக் கொடுத்திருப்பேன், சாமி.

நைட் ஷிப்ட் அப்பா – வியாழன், காலை 3.10

ஈப்போ பக்கம் தொழிற்சாலையில் வேலை. பிரேக்கில் இதைப் படித்தேன். கை நடுங்குகிறது. மகனுக்கு ஐந்து வாரம். பிறந்தபோது ஜி6பிடி குறைவு என்று சொன்னது நினைவிருக்கிறது. ஒரு தாள்கூடக் கொடுத்தார்கள், காச்சாங் பாராங் (ஒருவகை அவரை) சாப்பிடக் கூடாது என்று இருந்தது. பாலுக்கு அழுகிற பிள்ளை காச்சாங் எங்கே தின்னப்போகிறது என்று மடித்து வைத்துவிட்டேன். அலமாரியில் உருண்டை இருக்கிறதா என்று தெரியவில்லை. மனைவியை எழுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நைட் ஷிப்ட் அப்பா – வியாழன், காலை 8.50

இருந்தது. அம்மா போட்டு வைத்த மூன்று உருண்டை, பெரியவர்கள் துணி அடுக்கில். பிள்ளையின் லம்பின் (துணி டயபர்) பக்கத்துத் தட்டில். மனைவி விடியற்காலையிலேயே எல்லாவற்றையும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டாள். பிள்ளை நன்றாகத்தான் பால் குடிக்கிறான். ஆனால் கண் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். டியூப் லைட்டில் எல்லாமே மஞ்சளாகத் தெரிகிறது. இப்போது கிளினிக்குக்குக் கிளம்புகிறோம்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி – வியாழன், காலை 8.55

போங்கள் தம்பி. உருண்டை விஷயத்தை முதலிலேயே சொல்லுங்கள், ரெக்கோட் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். கிளினிக்கில் வரிசை நீளமாக இருந்தால் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

மருந்தடிப்பவள் – வியாழன், பகல் 1.15

நான் பேசலாமா? இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலை. நீங்கள் எண்ணெய், சோடா என்று பேசுகிறீர்கள். எங்கள் வரிசை வீடுகளில் வேறு பிரச்சினை. மருந்து அடித்துவிட்டு வந்த சட்டையையும் பிள்ளைத் துணியையும் ஒரே மெஷினில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2002-ல் தடுத்தார்கள், 2006-ல் மறுபடி விட்டார்கள், 2020 ஜனவரி முதல் தேதியோடு ஒரேயடியாக நிறுத்தினார்கள். அது போனதும் எல்லாம் சரி என்று நினைத்துவிட்டார்கள். இப்போது அடிப்பது மட்டும் என்ன பன்னீரா?

நான் செய்வது இது. வேலைச் சட்டை வீட்டுக்குள் வராது. வெளியே சிவப்பு வாளி, கையுறை போட்டுத் தனியாக அலசல். குளித்துத் தலையில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பிள்ளையைத் தூக்குவேன். அவன் அழுதாலும் சரி. பிள்ளைத் துணிக்கு வேறு வாளி, வேறு கொடி.

தொட்டில்கயிறு – வியாழன், பகல் 2.00

அக்கா, ஏன் பேசலாமா என்று கேட்கிறீர்கள்? இது எனக்குத் தோன்றவே இல்லை. என் மாமனார் இன்னும் தோட்டத்தில் உரம் போடப் போகிறார், அவர் துணியும் எங்கள் மெஷினில்தான் விழுகிறது. இன்றே மாற்றுகிறேன்.

கணக்குப்பிள்ளை – வியாழன், மாலை 4.30

துவைக்கிற பேச்சு வந்ததால் என் கதை. மூத்திரத் துணி ஊறிய வாளியில் வெள்ளை வெளேரென்று வரட்டும் என்று கிளோரோக்ஸ் பிளீச்சை ஊற்றினேன். கண்ணும் மூக்கும் எரிந்து வெளியே ஓடிவந்தேன். என்ன காரணம்?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி – வியாழன், மாலை 5.10

சிறுநீரின் அம்மோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சுவாயு. வினிகரோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு. ரெண்டும் குளியலறைக்குள் வேண்டவே வேண்டாம்.

துவைப்பது சுலபம். மலத்தைக் கழிவறையில் உதறிவிட்டுப் பச்சைத்தண்ணீரில் அலசு. வாசனை இல்லாத சோப்புத்தூள் போட்டுச் சூடான தண்ணீரில் துவை. சோப்பு மிச்சமில்லாமல் ரெண்டு தடவை அலசு. துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது துணிமேல் படிந்து தண்ணீரை உறிஞ்ச விடாது. கடைசியில் வெயில். அதைவிட நல்ல வெளுப்பு கிடையாது. காயப்போட்ட துணிக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது.

சோப்புக்காரி – வியாழன், மாலை 5.45

வெயில் சரி மிஸ்ஸி, ஆனால் செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவள் என்ன செய்ய? பாய்லர் புகைவிட்டால் வெள்ளைத் துணியில் மிளகு தூவினாற்போல் கரி. தட்டினால் இழுத்துக்கொண்டு கோடாகும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் நான் கொடியே கட்டியிருக்கிறேன்.

இன்னொன்று, வேப்பெண்ணெய் பற்றி யாரும் கேட்கவில்லையே. புண்ணுக்கு அதைத் தடவச் சொல்லி எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி சண்டை போடுகிறார். இந்தத் தடவை கேட்டுவிட்டே செய்கிறேன்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி – வியாழன், இரவு 8.20

கேட்டது நல்லது. நம் ஆட்கள் குழந்தைக்குச் சளி, சின்ன நோவு என்றால் வாயில் வேப்பெண்ணெய் ஊற்றுவார்கள். அப்படிக் குடித்த குழந்தைகளுக்கு வலிப்பும் மயக்கமும் வந்து ஈரல் கெட்டதைக் கோலாலம்பூர் மருத்துவர்கள் 1981-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். தடவுவது குடிப்பது ஆகாது என்று பாட்டி சொல்லலாம். ஆனால் குழந்தையின் கை எங்கெல்லாம் போகும், அடுத்து அது வாய்க்குப் போகும். புண்ணுக்குத் துத்தநாகக் களிம்பு போதும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதுபோல் கனமாகப் பூசு. ஒவ்வொரு தடவையும் முழுசாகச் சுரண்டி எடுக்காதே, அழுக்கை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு மேலேயே பூசு. மதியம் அரைமணி நேரம் பாயில் ஒரு துணியை விரித்து டயபர் இல்லாமல் போட்டு வை.

தொடை மடிப்புக்குள்ளே ரத்தச் சிவப்பாக, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெறித்திருந்தால் அது பூஞ்சை. அதற்கு வேறு மருந்து, கிளினிக்கில் காட்ட வேண்டும்.

நைட் ஷிப்ட் அப்பா – வெள்ளி, காலை 11.30

எல்லாருக்கும் நன்றி. நேற்றே ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் பயப்படும் அளவு இல்லை. ரத்தமும் இறங்கவில்லை. திங்கட்கிழமை மறுபடி பார்க்க வரச் சொன்னார்கள். அம்மா நேற்றிலிருந்து பேசவில்லை, தன்மேல் பழி என்று நினைக்கிறார். ஆயாக்கொட்டகைப் பாட்டி எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். அதற்கப்புறம்தான் சாப்பிட்டார்.

ஆயாக்கொட்டகை – வெள்ளி, பகல் 12.15

அம்மாவிடம் சொல் தம்பி, நானும் ஒரு மூட்டை கட்டி வெளியே வைத்திருக்கிறேன் என்று. கல்யாணச் சேலையை மட்டும் நாலு நாளாகக் காற்றில் போட்டிருக்கிறேன். அதைப் பிள்ளைக்குக் கட்டப் போவதில்லை.

கணக்குப்பிள்ளை – வெள்ளி, பகல் 12.40

பாட்டி, மிஸ்ஸி சொன்னதே முந்தாநாள் சாயந்தரம்தானே? நாலு நாள் எப்படி?

ஆயாக்கொட்டகை – வெள்ளி, பகல் 12.55

நீ உன் பேருக்கு ஏற்ற ஆள்தான் போ.

தொட்டில்கயிறு – அடுத்த வியாழன், இரவு 9.50

வேலைக்குப் போய் மூன்று நாள் ஆயிற்று. நிலவரம் சொல்கிறேன். டீ ட்ரீ பாட்டிலை மூடி மேல்தட்டில் போட்டாயிற்று. டி-சட்டைத் துண்டுகள் துவைக்கத் துவைக்க ஓரம் சுருண்டுவிட்டன, அதனால் புதிதாகப் பிளானல் துணி வாங்கி ஒரு சாண் சதுரமாக முப்பது வெட்டி ஓரம் அடித்தேன். மாமியார் முதலில் சிரித்தார். இப்போது அவரே காலையில் பிளாஸ்க் நிரப்பி, கிண்ணம், துணி, எண்ணெய்ச் சீசா எல்லாம் ஒரு தாம்பாளத்தில் எடுத்து வைக்கிறார், ஏதோ ஆரத்தி எடுக்கப் போவதுபோல. களிம்பு போட்ட மூன்றாம் நாளே சிவப்பு இறங்கிவிட்டது. வெளியே போனால் மட்டும் வாசனையில்லாத கடை வைப்ஸ். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

மாமனாரின் துணிக்குத் தனி வாளி வாங்கியாயிற்று. பிள்ளைத் துணிக்கு ஒரு நீல வாளி ஒதுக்கினோம். அதற்கு மாமியார் போட்டிருக்கும் ஒரே நிபந்தனை: இனிமேல் என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவ அந்த வாளியைத் தொடக் கூடாது.